யாரிடம் சார்ஜ் கொடுப்பது?

அரசு ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓய்வு பெறும் நாளில் மாலையைப் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். எத்தனை கோப்பு, எத்தனை பதிவேடு, எந்த பீரோவுக்கு எந்தச் சாவி, ரப்பர் ஸ்டாம்ப் எத்தனை, பதில் போடாத தபால் எத்தனை என்று பட்டியல் எழுதி, அந்த நாற்காலிக்கு அடுத்து வருகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 38 வருஷ சர்வீசுக்குப் பிறகு நான் கொடுத்த பட்டியல் ஏழு பக்கம். அதில் பாதி, எலிகூடச் சீண்டாத காகிதம். அதற்கே அவ்வளவு ஜாக்கிரதை.

நம் புதுச்சேரியில் மூன்று தலைமுறையாக விறகு அடுப்பில் ரொட்டி போட்டுவந்த ஒரு கடை, கொரோனாவுக்கு முந்தின வருஷம் மூடியது. பெயர் சொல்லவில்லை, அந்தக் குடும்பத்தார் விரும்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். நான் பிறந்ததிலிருந்து தின்ற ரொட்டி அது. அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இன்று அரைப் பக்கம்கூட எழுத்தில் இல்லை.

நான் இங்கே அழுது தீர்க்க வரவில்லை. ஒரு கடை மூடுவது வேறு, ஒரு பண்டம் சாவது வேறு. முதலாவதைத் தடுக்க முடியாமல் போகலாம். இரண்டாவதைத் தடுக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் அது என்ன ரொட்டி என்று சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்கள் பிரெட் என்பார்கள், நமக்கு அது ரொட்டிதான். முழங்கை நீளம் இருக்கும். மேல் பொருக்கு மெல்லியதாக, கையால் அழுத்தினால் சடசடவென்று நொறுங்கும். உள்ளே பெரிதும் சிறிதுமாக ஓட்டைகள். லேசான புளிப்பு, நல்ல தோசைமாவில் வருமே, அந்த அளவு. காலையில் காப்பியில் தோய்ப்போம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் போட்டால் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் கரையாது. இதுதான் அதன் பெரிய குணம். மறுநாள் கல்லுமாதிரி ஆகிவிட்ட மிச்சத்தை அம்மா பால், முட்டை, சர்க்கரையில் ஊறவைத்து வாட்டிக் கொடுப்பார். பிரெஞ்சில் அதற்கு ‘பேன் பெர்த்யு’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதன் அர்த்தம் அப்போதே தெரியும்: தொலைந்துபோன ரொட்டி. அந்தக் காலத்தில் அது வேடிக்கையாக இருந்தது.

சிறுவயதில் பொழுது விடியுமுன் ரொட்டி வாங்கிவர அனுப்புவார்கள். காத்திருக்கும் நேரத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான வேலை அது. மாலையிலேயே மாவு பிசைந்துவிடுவார்கள். முந்தின நாள் மாவில் ஒரு கட்டியை எடுத்து வைத்திருப்பார்கள். அதைப் புது மாவில் கலப்பார்கள். இரவு முழுக்க அது புளித்து உப்பும். அடுப்பு செங்கல்லால் கட்டியது, உள்ளே குடை கவிழ்த்த மாதிரி கூரை. சவுக்கு விறகை அடுப்புக்கு உள்ளேயே போட்டு எரிப்பார்கள். செங்கல் முழுக்கச் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, கழியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். பிறகு ஒரு பிடி மாவை உள்ளே வீசுவார் பெரியவர். மாவு உடனே கருகினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் சரி. தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. நீண்ட கைப்பிடி போட்ட மரத்துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளுவார்கள். ரொட்டி எடுத்த பிறகு, சூடு இறங்க இறங்க பன், பிஸ்கட். கடைசியில் மிச்சமிருக்கும் சூட்டில் ரஸ்க் காயும். ஒரே விறகில் இத்தனை வேலை. கிறிஸ்துமஸ் நேரத்தில் தெருக்காரர்கள் கேக் மாவைத் தட்டில் ஊற்றிக் கொண்டுவந்து அங்கேதான் சுட்டு வாங்கிப் போவார்கள்.

மூடியவர் அந்தப் பெரியவரின் பேரன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கடைசி வாரம் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

“அண்ணே, முந்நூறு ரொட்டிக்கு ஆகுற விறகுதான் அறுபது ரொட்டிக்கும் ஆகுது. அடுப்புக்குக் கணக்குத் தெரியாதுண்ணே.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது. காஸ் அடுப்பு என்றால் வேண்டும்போது பற்றவைத்து வேண்டாதபோது அணைக்கலாம். இந்த அடுப்பு அப்படி இல்லை. செங்கல் முழுக்கச் சூடேறினால்தான் ஒரு ரொட்டியாவது வரும். ஒருநாள் ஆறவிட்டால் மறுநாள் கூடுதல் விறகு. ஆகவே வாடிக்கை குறையக் குறைய ஒவ்வொரு ரொட்டிமீதும் விழும் செலவு ஏறும். விலையை ஏற்றினால் வாடிக்கை இன்னும் குறையும். அந்த ரொட்டி ருசி கெட்டுச் சாகவில்லை. கடைசி நாள் வரை ருசி அப்படியே இருந்தது. எண்ணிக்கை குறைந்து செத்தது. ‘ஐயோ, அந்த ரொட்டியா, எவ்வளவு நன்றாக இருக்கும்!’ என்று சொல்பவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றவர்கள் அறுபது பேர். நானும் கடைசிவரை நின்றேன். ஒருவன் நின்று அடுப்பு எரியாது.

பிள்ளைகள்? ஒருவர் பிரான்சில், ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். ராத்திரி கண்விழித்து, புகையில் நின்று, விடியும்போது தூங்கப்போகும் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டு என்று நாம் எப்படிச் சொல்வது? நம் பிள்ளைகளை நாம் அனுப்பினோமா? வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனும் ஆறு மாதத்தில் நின்றுவிட்டானாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபது வயது தாண்டியவனுக்கு ஓய்வு உண்டென்றால் அது ரொட்டிக்காரருக்கும் உண்டு.

வாடிக்கை எங்கே போனது என்பதும் நமக்குத் தெரிந்த கதை. 1965-ல் ஆஸ்திரேலியாவின் உதவியோடு இந்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. பெரிய ஊர்களில் தொழிற்சாலை, வெட்டித் துண்டு போட்ட ரொட்டி, மெழுகுக் காகித உறை. நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் மட்டும் ரொட்டி தின்றவர்கள்கூட அதன் பிறகுதான் வழக்கமாக வாங்க ஆரம்பித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதையும் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். அந்த ரொட்டியை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைத்தது, நாலு நாள் மெத்தென்று இருந்தது, எத்தனையோ பேர் பசி ஆறியது. ஆனால் அது வேறு பண்டம். தட்டில் தயிர் இருக்கிறது என்பதற்காக மோர்க்குழம்பு இருக்கிறது என்று ஆகிவிடாது.

‘பாண்டிச்சேரியில் ரொட்டிக்கா பஞ்சம்? கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், தெருவுக்குத் தெரு பிரெஞ்சு பேக்கரி’ என்று கேட்பார்கள். உண்மைதான், குருவாசான் தட்டு தட்டாக அடுக்கியிருக்கிறது. சனி ஞாயிறில் வெளியூர்க் கார்கள் நிற்க இடமில்லை. அங்கே ஒரு ஆள் காப்பி குடித்து எழுந்துவரும் பணத்தில் நம் ரொட்டிக்காரரிடம் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு ரொட்டி வாங்கலாம். அது சுற்றுலா வருகிறவர்களுக்குப் படம் எடுக்க. நம்முடையது குழம்பில் தோய்க்க. கூலிவேலைக்குப் போகிறவரும், சொல்தா பென்ஷன் வாங்கும் தாத்தாவும், வாத்தியாரும், நானும் ஒரே வரிசையில் நின்று வாங்கிய பண்டம் அது. ஊருக்குப் பிரெஞ்சு வேஷம் போடுவதில் செலவழிக்கிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போய் நாம் நம்முடையதாக்கிக்கொண்ட பண்டத்தின்மேல் இல்லை.

‘இது எல்லாம் வயசான நாக்கின் கற்பனை’ என்று என் மகனே சொல்கிறான். வீட்டில் இன்னொரு கேள்வி: ‘உங்களுக்குத்தான் சர்க்கரை, டாக்டர் மைதாவைத் தொடாதே என்கிறார், அப்புறம் எதற்கு ரொட்டிக் கவலை?’ இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தின்றதெல்லாம் அமுதம் என்று சொல்பவன் நான் இல்லை. ரேஷன் கடை அரிசியை எவனும் ஏக்கத்தோடு நினைப்பதில்லை. ரொட்டி விஷயத்தில் வித்தியாசம் நாக்கில் இல்லை, வேலையில் இருக்கிறது. ஒரு மாவு இரவு முழுக்கப் பழைய மாவோடு புளித்தது, இன்னொன்று ஈஸ்ட் போட்டு இரண்டொரு மணியில் பொங்கியது. ஒன்று சூடான செங்கல்மேல் நேராக உட்கார்ந்தது, மற்றது தகர டின்னுக்குள் வெந்தது. இரண்டும் வேறாகத்தான் இருக்கும். இது கற்பனை என்றால் கல்லில் அரைத்த சட்னியும் கற்பனைதான். சர்க்கரை விஷயம்: நான் தின்ன முடியாது என்பதால் ஊருக்கே வேண்டாம் என்று ஆகுமா? என் பேரனுக்கு சர்க்கரை இல்லையே.

பண்டங்கள் இரண்டு விதமாகச் சாகின்றன. ஒன்று, நான் மேலே சொன்னது: வாங்க ஆள் குறைந்து, செய்ய ஆள் இல்லாமல். இன்னொன்று, வாங்க ஆள் நிறைய இருக்கும்போதே சாகடிக்கப்படுவது. என் வயதுக்காரர்களுக்கு கோல்ட் ஸ்பாட் ஞாபகம் இருக்கும். கல்யாண வீட்டில் அந்த ஆரஞ்சு நிறப் பாட்டில் வந்தால்தான் கல்யாணம். 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போன பிறகு பார்லே கம்பெனியின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றும் கொடிகட்டிப் பறந்தன. 1993-ல் திரும்பி வந்த கோகோ கோலா அவற்றை விலைக்கு வாங்கியது. தம்ஸ் அப்பும் லிம்காவும் பிழைத்தன. கோல்ட் ஸ்பாட்டை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் ஃபாண்டாவை வைத்தார்கள். வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஆரஞ்சு பானம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். விற்காமல் இருந்ததால் பிழைத்ததும் உண்டு: 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவை இன்றும் பெட்டிக்கடையில் வாங்கலாம். செத்துப் பிழைத்ததும் உண்டு: வருஷக்கணக்கில் காணாமல் போயிருந்த கேம்பா கோலாவை 2022-ல் ரிலையன்ஸ் வாங்கி அடுத்த வருஷம் கடைக்குக் கொண்டுவந்தது.

அந்த மாதிரி பெரிய கம்பெனிப் பண்டத்துக்காக நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அதன் செய்முறை எங்காவது ஒரு பெட்டகத்தில் எழுத்தில் இருக்கும். பணம் உள்ள ஒருவர் நினைத்தால் மறுபடி எழுப்பலாம். ரொட்டிக்காரரின் செய்முறை அவர் கையில் இருந்தது. கையை எந்தப் பெட்டகத்தில் வைப்பது?

கோல்ட் ஸ்பாட் கைமாறிய அதே 1993-ல் பிரான்சில் ஒரு அரசாணை வந்தது. செப்டம்பர் 13 தேதியிட்டது. ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்று பெயர் வைத்து விற்க வேண்டுமானால் மாவை எந்தக் கட்டத்திலும் ஃப்ரீசரில் உறையவைக்கக் கூடாது, ரசாயனச் சேர்மானம் எதுவும் கூடாது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது பழைய மாவு, இவைதான் அடிப்படை. மிகச் சிறிய அளவில் வேறு சில மாவுகளுக்கு அனுமதி உண்டு. 1998 மே மாதம் இன்னொரு சட்டம்: மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை தானே அந்த இடத்தில் செய்கிறவர்தான் கடைக்கு ‘பூலான்ஜ்ரி’ என்று போர்டு போடலாம். 2022-ல் பகேத் ரொட்டி செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இதனால் பிரான்சில் ரொட்டிக்கடையே மூடவில்லை என்று நினைக்க வேண்டாம், கிராமங்களில் நிறைய மூடிவிட்டன. ஆனால் ரொட்டி போடுவது அங்கே படித்து அரசுச் சான்றிதழ் வாங்கும் தொழில். ஒரு கடை மூடினாலும் அந்த ரொட்டியைப் போடத் தெரிந்த கை வேறு ஊரில் இருக்கும். நான் கேட்பதும் இதைத்தான்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? புவிசார் குறியீடு இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-ல் கிடைத்தது, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல். விறகு அடுப்பில் சுடும் ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் கொடுத்தார்கள். நம் புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் குறியீடு எதைக் காப்பாற்றுகிறது? பெயரை. வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்கிறது. அந்த ஊர்க்காரனே செய்வதை நிறுத்திவிட்டால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம், உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் இல்லை.

குமாஸ்தாவாக இருந்தவன் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, குறிப்பும் எழுத வேண்டும். என் குறிப்பு இது.

ஒன்று. இப்படி மூன்று தலைமுறை பழகிய உணவுத் தொழில் ஒன்றை நிறுத்தப்போகிறவருக்கு அரசு ஆறு மாதச் சம்பளம் கொடுத்து, அவரிடம் நாலு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். நம் ஊரில் ஓட்டல் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் கேக்கில் ரோஜாப்பூ போடக் கற்கும் நேரத்தில், ஒரு பருவம் இங்கே வந்து மாவு வீசிச் சூடு பார்க்கக் கற்கட்டும். அளவு, நேரம், பக்குவம் எல்லாவற்றையும் எழுதி, படம் பிடித்து, நூலகத்தில் வைக்கட்டும். ஓய்வு பெறுகிறவருக்கும் ஒரு மரியாதை, கையில் கொஞ்சம் பணம்.

இரண்டு. எண்ணிக்கைக்கு வழி செய்ய வேண்டும். அடுப்புக்குத் தேவை தினமும் முந்நூறு ரொட்டி. அரசு ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் ரொட்டி வாங்குகிறார்கள். டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்குத்தான் ஆர்டர் போகும். அந்த விதியை எழுதி எழுதி என் கை தேய்ந்திருக்கிறது. கைத்தறித் துணிக்கு அரசு தனிக்கவனம் காட்டுகிறது. அதுபோல மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளூர் அடுப்புக்கு என்று ஒதுக்கினால் போதும். கடை பிழைக்கும், நோயாளிக்கும் நல்ல ரொட்டி.

மூன்று. இதற்கு அரசாணை வேண்டாம். மூடப்போகும் கடைக்கு நாம் பாராட்டு சொல்வதில்லை, மூடிய பிறகு இரங்கல் சொல்கிறோம். அதை மாற்றலாம். உங்கள் தெருவில் அதிரசம் சுட்டு விற்கும் அம்மா இருப்பார், கையால் முறுக்கு சுற்றுகிறவர் இருப்பார், அரிசி அப்பளம் போடுகிறவர் இருப்பார். அவர் வயது என்ன, அவருக்குப் பின் யார், என்ன விலை கிடைத்தால் தொழில் ஓடும் என்று கேளுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். பத்து வீடு சேர்ந்து மாதம் இவ்வளவு என்று முன்பணத்தோடு சொல்லிவைத்தால் அவருக்கு அது சம்பளம் மாதிரி. பேரப்பிள்ளை வந்தால் ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய் வேலையைக் காட்டுங்கள், செல்போனில் அவனே படம் பிடிக்கட்டும்.

நம் வீடுகளில் தயிர் உறைய வைப்பதற்குக் கொஞ்சம் உறைமோர் எடுத்து வைப்போம். ஒருநாள் மறந்துபோனால் எதிர்வீட்டில் ஒரு கரண்டி கேட்போம். அவர்கள் மோரே நம்மிடமிருந்து போனதாக இருக்கும். இரண்டு வீட்டிலும் இருக்கிறவரை தயிர் அற்றுப்போவதில்லை. ரொட்டிக்காரர் தினமும் எடுத்துவைத்த அந்தப் பழைய மாவுக் கட்டியும் அப்படித்தான். அவர் தாத்தா காலத்திலிருந்து ஒருநாளும் அறுபடாமல் வந்தது. அதில் ஒரு பிடி இன்னொரு வீட்டில் இருந்திருந்தால் இன்று யாராவது மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள்.